இடப்பக்கத்துக் கூட்டாளி

சதுரங்கப்பட்டினத்தில் தௌசிஃபைக் கேலி செய்யாத ஆளில்லை. கபடி சீசன் வந்தால் ஊர் ஊராகப் போய்ச் சம்பளத்துக்கு ஆடுவான். சீசன் முடிந்தால் மாமல்லபுரம், கோவளம் என்று அலைச்சறுக்குப் போட்டி. "தரையிலயும் கீறான், தண்ணியிலயும் கீறான், வூட்லதான் காணோம்" என்பாள் அவன் அக்கா ஃபைஸா. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது, என்ன செய்ய!

இந்த வருஷம் கபடி அணிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: சீசன் முடியும்வரை அலைப்பலகையைத் தொடக்கூடாது, தொட்டால் ஒப்பந்தம் ரத்து. தலையாட்டிவிட்டு வந்தவன் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். விடுமுறைக்கு ஊர் வந்தபோது கடல் நல்ல அலையாக எழுந்து அவன் புத்தியைக் கெடுத்தது. தப்புதான். அந்தத் தப்புக்குத் துணையாகச் சரவணகுமாரையும் கூட்டிக்கொண்டு போனான். ஊர் அணியில் இடப்பக்கம் இவனோடு சேர்ந்து ஆடுபவன். சம்பள அணியில் இவனுக்கு மாற்று ஆள்.

"வெளிய தெரியாதுல்ல மச்சான்?"

"நீயும் நானும்தான். கடல்ல கீற மீனா போய்ச் சொல்லப்போவுது?" என்றான் சரவணகுமார்.

அந்த வாரமே சம்பள அணி மேனேஜர் கூப்பிட்டுக் கைபேசியை நீட்டினார். அலைமேல் தௌசிஃப், அவனுக்கு அப்பால் கரையும் இடிந்த கோட்டையும். கடலுக்குள்ளிருந்து எடுத்த படம். கடலில் அன்று இருந்த இன்னொரு பலகை சரவணகுமாருடையது, அதன் நுனியில்தான் கேமரா இருந்தது. போதாததற்கு, படம் நன்றாக வரட்டும் என்று தௌசிஃபே திரும்பிச் சிரித்திருந்தான். ஒப்பந்தம் அன்றோடு ரத்து.

மறுநாள் ஊரில் கபடி அரையிறுதி. மைதானத்து ஓரத்தில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த சரவணகுமாரிடம் நேரே போய் நின்றான்.

"ஏண்டா?"

சரவணகுமார் மழுப்பவில்லை. "உனக்குக் கடலாவது கீது. எனக்கு இன்னா கீது? நீ இருக்கறவரைக்கும் நான் பெஞ்சுதான்."

"என்னாண்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ எடத்த வுட்டிருப்பியா?"

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

கடைசி ரெய்டு. ஊர் அணி ஒரு புள்ளி முன்னால். பாடிவருபவனை மடக்கப் பக்கத்து ஆளோடு கை கோத்து நிற்பதுதான் ஆட்டம். எதிராளிமேல் வைத்த கண்ணை எடுக்காமல் சரவணகுமார் கையை நீட்டினான். தௌசிஃப் பிடிக்கத்தான் நினைத்தான். கை எழவே இல்லை. அந்தச் சந்தில் புகுந்தவன் இரண்டு பேரையும் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டி ஓடிவிட்டான்.

ஊர் கொதித்தது. சரவணகுமார் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, எல்லாருக்கும் கேட்கக் கத்தினான்:

"கூட நின்னுகினே கைய வுட்டுட்டியேடா, துரோகி!"

கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் இறங்கிவந்து சரவணகுமாரைத் தோளில் தட்டித் தேற்றினார்கள்.