ரிம்மாவின் கால்கள் மட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கதவுச் சத்தமாகத்தான் வந்து சேர்ந்தது. ரஷ்யாவின் பெர்ம் நகரத்து அடுக்குமாடியில் எனக்கு நேர் மேலே ரிம்மா குடியிருக்கிறாள். அடிக்கடி அங்கே டமார், டமார் என்று கதவு அடிபடும். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நானே முடிவுகட்டி, முதல் வரியையும் எழுதிவிட்டேன்:

யேகோர் என்னும் அந்த முரடன் பல்லைக் கடித்துக்கொண்டு...

(இந்த வரி இங்கேயே கிடக்கட்டும். கடனாக மாவு கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு மேலே போனேன். முரடன் இடுப்பில் துண்டு கட்டி, பெல்மேனிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தான். கதவை அறைந்தவள் ரிம்மா. அவள் பாலே நடனக்காரி. நுனிக்காலில் நின்று ஆடுகிற புதுப் பாலே காலணியின் நுனி செங்கல் மாதிரி இருக்கும். கதவிடுக்கில் வைத்து நசுக்கினால்தான் வழிக்கு வரும்.)

"வாங்க, வாங்க," என்றான் யேகோர். "மத்த வீட்டுல பொண்டாட்டிக்குக் கோவம் வந்தா கதவ அறைவா. இங்க சந்தோஷமா இருந்தாலும் அறைவா. கீல் மாத்தி மாத்தி நான் பாதி தச்சன் ஆயிட்டேன்."

"பாதி தச்சன், பாதி டிராம் டிரைவர். முழுசா ஒண்ணும் இல்ல," என்றாள் ரிம்மா, இன்னொரு அறை அறைந்து.

வில்லன் போய்விட்டான். இனி பத்திரிகைக்கு எழுதும் தொடர்கதையை எதை வைத்து ஓட்டுவது?

2

நல்லவேளை, சிக்கல் இருந்தது.

ரிம்மாவுக்கு முப்பத்தைந்து வயது. இத்தனை வருடமும் பாலே தியேட்டரில், கூட்டத்தோடு ஆடும் பின்வரிசை அன்னங்களில் ஒரு அன்னம். இந்த வேலையில் நாற்பதுக்குள் ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்போதுதான், முதல்முறையாக, முதன்மை வேடம் வந்திருக்கிறது. ஆனால் ஊரில் அல்ல. ஜப்பான், கொரியா என்று குளிர்காலம் முழுக்கச் சுற்றுப்பயணம். ஆகஸ்ட் கடைசியில் கிளம்ப வேண்டும்.

செப்டம்பர் முதல் தேதி மகள் வார்யா முதல் வகுப்புக்குப் போகிறாள். பூங்கொத்து, தலை அகலத்துக்கு வெள்ளை ரிப்பன், கையைப் பிடிக்க அம்மா. அந்த நாள் ஒரே ஒரு முறைதான் வரும். புத்தாண்டு இரவுகள் எல்லாவற்றையும் மேடைக்குக் கொடுத்தவள், இதையும் கொடுப்பாளா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.*

* இந்த இடத்தில் கதாநாயகி தலையணையில் முகம் புதைத்து அழ வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னார். ரிம்மாவிடம் அனுமதி கேட்டேன். "கண்மை ஒட்டிக்கும். தலகாணி உறைய உங்க ஆசிரியரா தோய்ப்பார்?" என்றாள்.

3

அடுத்து வருவதை என் கற்பனை என்றால்கூட மன்னிப்பீர்கள். நடந்தது என்றால் நம்பமாட்டீர்கள். அதே வாரம் தியேட்டரில் சினிமாப் படப்பிடிப்பு. படத்தின் கதை: ஒரு பாலே நட்சத்திரம், மேடையா குடும்பமா என்று தவிக்கிறாள்.

கதாநாயகி இலோனாவுக்கு உருகவைக்கும் முகம். நுனிக்காலில் நிறுத்தினால் சாய்ந்துவிடுவாள். அதனால் முகம் இலோனாவுடையது, கால்கள் ரிம்மாவுடையது.

"கலையா, குழந்தையா? நான் எதை இழப்பேன்!" என்று இலோனா கதற, விளக்குப் பிடித்தவர்கூட மூக்கைச் சிந்தினார். ஓரத்தில் கட்டைவிரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே ரிம்மா போனில் கிசுகிசுத்தாள்: "யேகோர், ஸ்கூல் ஷூ ஒரு சைஸ் பெருசா வாங்கு. கடிச்சா அவ சொல்லமாட்டா."

இலோனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, நிஜமாவே ஒருத்திக்கு இப்படி நெருக்கடி வந்தா என்ன பண்ணுவா?"

"மொதல்ல பசிக்கும். போய்ச் சாப்பிடுவா."

4

அன்று சாயங்காலம் ரிம்மா வீட்டில் விஷயத்தை உடைத்தாள். அவள் குரல் தழுதழுக்க, கண்களில்... (வேண்டாம். அப்படி நடக்கவில்லை.)

"போ," என்றான் யேகோர்.

"நான் இல்லாம சமாளிச்சிடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குப் போன்னு சொல்ற?"

"போகாதேன்னா, காலம் முழுக்க என் மூஞ்சியப் பாத்துப் பெருமூச்சு விடுவ. அதக் கேட்டுக்கிட்டு என்னால டிராம் ஓட்ட முடியாது."

வார்யா மட்டும் உள்ளதைச் சொன்னாள். "அப்பாவுக்கு ரிப்பன் கட்ட வராது. முயல் காது மாதிரி தொங்கும்."

மறுநாளிலிருந்து யேகோர் டிராம் கைப்பிடியில் ரிப்பன் கட்டிப் பழகினான். பயணிகள் கல்யாண வண்டி என்று நினைத்து வாழ்த்தினார்கள்.

5

வெள்ளிக்கிழமை. கடைசிக் காட்சி. நாயகி வீட்டுக்குப் போவதா, மேடைக்குப் போவதா என்று இயக்குநர் போரிஸ் பாவ்லவிச்சுக்கே முடிவாகவில்லை. அதனால் கால்களை மட்டும் எடுக்கப்போகிறாராம். இந்தப் பக்கம் தியேட்டரின் பின்கதவு. எதிரே டிராம் நிறுத்தம்.

"எந்தப் பக்கம் தோணுதோ, நடம்மா."

"அது கதாநாயகி எடுக்க வேண்டிய முடிவு, போரிஸ் பாவ்லவிச். நான் வெறும் கால்."

"அவ முகத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கு. உண்மை உன் கால்லதான் இருக்கு."

பின்கதவைத் திறந்து பிடித்தபடி, பதிலுக்காகச் சுற்றுப்பயண நிர்வாகி நிற்கிறார். எதிரே யேகோரின் டிராம் வந்து நிற்கிறது. ஜன்னலில் வார்யா, தலையில் ஒத்திகை ரிப்பன். ஒரு காது தொங்குகிறது. அதைச் சரிசெய்ய ரிம்மாவின் விரல்கள் துறுதுறுக்கின்றன.

இங்கே இரண்டு முடிவு எழுதினேன். டிராமுக்கு நடக்கிற முடிவு ஆசிரியருக்குப் பிடித்தது. தியேட்டருக்கு நடக்கிற முடிவு இலோனாவுக்குப் பிடித்தது. ரிம்மா இரண்டையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டுலயும் நான் நேரா நடக்கறேன். பாலே ஆடறவ கால் அப்படியா இருக்கு?"

உண்மைதான். குழந்தையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகத் திரும்பி நிற்கப் பழகிய கால்கள். குதிகால்கள் ஒட்டி நிற்க, வலது பாதம் தியேட்டரைப் பார்க்கிறது, இடது பாதம் டிராமைப் பார்க்கிறது. யேகோர் மணியடிக்கிறான். நிர்வாகி கடிகாரம் பார்க்கிறார். கேமரா ஓடுகிறது. ஒரு குதிகால் மெல்ல எழும்புகிறது...

6

இன்று செப்டம்பர் முதல் தேதி, காலை. மேலே டமார் என்று ஒரு சத்தம். ரிம்மா காலணியை நசுக்குகிறாளா? அவள் போன பிறகு யேகோர் நிம்மதியாகப் புதுக் கீல் போடுகிறானா? இல்லை, வார்யா தன் பள்ளி ஷூவைக் கதவிடுக்கில் வைத்துவிட்டாளா?

இன்னும் சற்று நேரத்தில் வார்யா படியிறங்குவாள். ரிப்பனைப் பார்த்தால் யார் கட்டியது என்று தெரிந்துவிடும். (தெரியாமலும் போகலாம். போன வாரம் யேகோரின் டிராமில் ஏறினேன். கைப்பிடி ரிப்பன் ஒரு காதும் தொங்காமல் நின்றது.)

எனக்குக் கதவைத் திறக்கத் தைரியமில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள். சாக்கு வேண்டும் அல்லவா? இந்தாருங்கள், மாவுக் கிண்ணம்.