இடது காது

அடி விழுந்தபோது என் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராக அந்தரத்தில் இருந்தன. கிருமி நீக்கிய கிளவுஸ் போட்ட கையை அப்படித்தான் வைத்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே இறக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. முதல் வருடத்தில் எங்கள் நர்சிங் காலேஜ் மேடம் எங்களை அப்படியே வரிசையாக நிற்க வைத்துவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது எவள் கை இறங்கியிருக்கிறதோ, அவள் மறுபடி முதலிலிருந்து கை கழுவ வேண்டும். என் கை ஒருநாளும் இறங்கியதில்லை.

அன்றும் இறங்கவில்லை.

பெண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் ஒரு அம்மா இருந்தார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். கட்டு மாற்ற நானும் பல்லியும் போனோம். பல்லி என் கூடப் படிப்பவள். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டாலே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள், அதனால் அந்தப் பெயர். படிக்கிற பிள்ளைகள் தனியாகக் கட்டு மாற்றக் கூடாது, பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. போய்க் கேட்டோம்.

"நான் என்ன, உங்க முந்தானையைப் பிடிச்சிக்கிட்டே திரியணுமா?" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். "மூணாவது வருஷம் படிக்கிறீங்கல்ல, போங்கடி."

போனோம். திரையை இழுத்துவிட்டு, அம்மாவை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தோம். பல்லி அந்தப் பக்கம் நின்று தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். பழைய துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. சலைன் ஊற்றி ஊற வைத்துத்தான் உரித்தேன், இருந்தாலும் அம்மா "ஐயோ" என்று கத்திவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து புது கிளவுஸ் போட்டேன். என் அளவில் அதுதான் கடைசி ஜோடி. சுத்தம் செய்யக் குனியப் போகும்போது திரை விலகியது. அந்த அம்மாவின் மகன்.

"எங்கம்மாவை என்னடி பண்றே?"

"சார், வெளிய இருங்க. புண்ணு தொறந்திருக்கு."

"காலையிலேர்ந்து கூப்பிடறேன், ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல. இப்ப வந்து பிய்க்கிறியா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன், கை தூக்கியபடியே. அறைந்தார். இடது காதுக்குள் ஏதோ பட்டென்று வெடித்தது. இரண்டாவது அறையும் அதே இடத்தில் விழுந்தது. தடுத்திருக்கலாம். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: அவர் மேல் பட்டால் கிளவுஸ் வீணாகிவிடும்.

வார்டு ஆயா வந்து அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனார். நான் கட்டை முடித்தேன். கை நடுங்காமல் முடித்தேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

மேடத்தின் அறைக்கு எங்களைக் கூப்பிட்டபோது மகன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர்மேல் பாய வந்தேனாம், பயந்துபோய்த் தட்டிவிட்டாராம். எருமை மாடு மாதிரி இருக்கும் ஆள், என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாராம்.

"கை ஓங்கினியா?" என்று கேட்டார் இன்சார்ஜ் சிஸ்டர்.

"கிளவுஸ் போட்டிருந்தேன் சிஸ்டர். மேடம், நீங்களே சொல்லுங்க. கை அப்படித்தானே இருக்கும்?"

மேடம் மேசையைப் பார்த்தார். மேசையில் பார்க்க ஒன்றும் இல்லை.

"கூட நின்னவ நீதானே? நீ சொல்லு," என்று சிஸ்டர் பல்லியைக் கேட்டார்.

பல்லி நிஜமாகவே சுவரில் சாய்ந்துதான் நின்றாள். "நான் பேஷண்ட் மூஞ்சியப் பாத்துட்டிருந்தேன் சிஸ்டர். கவனிக்கல."

அந்த அம்மாவைக் கேட்டும் பயனில்லை. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்ததே நான்தான்.

சிஸ்டர் போன பிறகு மேடம் கதவைச் சாத்தினார். "இங்க பாரும்மா. எனக்குத் தெரியும். ஆனா இதைக் கிளறினா, உங்களைத் தனியா விட்டது யாருன்னு கேள்வி வரும். சிஸ்டர் மாட்டுவாங்க. அப்புறம் இந்த ஆஸ்பத்திரியில நம்ம பிள்ளைங்க ஒருத்தியையும் உள்ள விட மாட்டாங்க. இந்த வார்டு முடிக்கலேன்னா உனக்கு வருஷம் போச்சு. அந்தாள்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடு, முடிஞ்சது."

"காது வலிக்குது மேடம்."

"இங்க காட்டாத. அடின்னு தெரிஞ்சா போலீசுக்கு எழுதணும். வெளிய எங்கயாவது காட்டு. கேட்டா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு."

ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். பழக்கத்தில் இடது காதில் வைத்துவிட்டேன். அக்கா குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. வலது காதுக்கு மாற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவன்டி அவன்? நான் அடுத்த பஸ்ஸுல வரேன். செருப்பால நாலு போட்டுட்டுத்தான் மறு வேலை," என்றாள். சொல்லிவிட்டுத் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள், அந்தச் சத்தம் போனில் கேட்டது. "ஏண்டி, நிஜமா வருஷம் போயிடுமா?"

"போயிடும்."

"அப்பாகிட்ட சொல்லாத. தூங்க மாட்டாரு." மிஷின் நின்றது. "கேட்டுடேன்டி. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு வார்த்தை. உசுரா போயிடப் போவுது?"

அக்காவுக்காக மறுநாள் காலை கேட்டேன். அந்த ஆள் காலை ஆட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்சார்ஜ் சிஸ்டர் என் பின்னால் நின்றார்.

"மன்னிச்சிடுங்க சார்."

"சத்தமா சொல்லு. அம்மாவுக்குக் கேக்கணும்ல?"

சத்தமாகச் சொன்னேன்.

அந்த அம்மா என் கோட்டின் ஓரத்தைப் பிடித்தார். "அவன் கோவக்காரன் கண்ணு. மனசுல வெச்சிக்காத. இவனை விட்டா எனக்கு யாரு இருக்கா?" அவர் பிடி வலுவில்லாமல் இருந்தது. நான்தான் மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

"சரி, எல்லாம் முடிஞ்சுதுல்ல," என்றார் சிஸ்டர். "போய் பி.பி. பாரு."

எதிர்ப் படுக்கையிலிருந்து தொடங்கினேன். பருத்த பெண்மணி, வார்டுக்கே கதை சொல்லிச் சிரிக்க வைப்பவர். கையில் பட்டையைச் சுற்றி, ஸ்டெத்தை மாட்டி, காற்றடித்து, மெல்ல இறக்கினேன். முள் இறங்கியது. துடிப்புச் சத்தம் வரவில்லை. வண்டு ஒன்று காதுக்குள் குடும்பம் நடத்துகிற மாதிரி ஒரே இரைச்சல். வலது காதில் கேட்க வேண்டியதையும் அந்த இரைச்சல் தின்றுவிட்டது. மறுபடி காற்றடித்தேன். மறுபடியும் இல்லை.

"என்ன பாப்பா, நான் இருக்கேனா, போயிட்டேனா?" என்றார் அந்தப் பெண்மணி. "போயிட்டேன்னா சொல்லிடு, காலைச் சாப்பாட்டை வேஸ்ட் பண்ண வேணாம்."

பல்லி பக்கத்தில் வந்து நின்றாள். காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவள். "நூத்தியிருபதுக்கு எம்பதுன்னு போட்டுட்டு வாடீ," என்று முணுமுணுத்தாள். "எல்லாரும் அதானே பண்றாங்க."

ஸ்டெத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "நீ கேட்டுச் சொல்லு."

கேட்டாள். அவள் முகம் மாறியது. இன்னொரு தரம் கேட்டுவிட்டு, "இருநூறுகிட்ட இருக்குடீ," என்றாள். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். மாத்திரை கொடுத்தார்கள், படுக்கையின் தலைமாட்டை உயர்த்தினார்கள். அந்தப் பெண்மணி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மருந்து அறையில் பல்லி என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் பெட்டெல்லாம் நானே பாத்துடறேன். நீ சும்மா கூட நில்லு. சத்தியமா யாருக்கும் தெரியாது."

"எதுவரைக்கும்?"

"இந்த வார்டு போஸ்டிங் முடியறவரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

அவள் அழ ஆரம்பித்தாள். "எனக்கும் வருஷம் போச்சுன்னா எங்க வீட்ல என்னைக் கொன்னுடுவாங்கடீ. அதான் கவனிக்கலன்னு சொன்னேன்."

அவளைத் திட்டுவதற்குக்கூட என்னிடம் தெம்பில்லை. நர்ஸ் ஆக வேண்டும் என்பதற்காகத்தான் மன்னிப்புக் கேட்டேன். துடிப்பு கேட்காத காதை வைத்துக்கொண்டு எந்த நர்ஸ் ஆவது? வார்டை விட்டுப் படி இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

கீழே இருந்த காது மூக்கு தொண்டைப் பிரிவில் கூட்டம் நெரிந்தது. யூனிஃபார்மைப் பார்த்து ஒருவர் வழிவிட்டார், இன்னொருவர் "இவங்களுக்கெல்லாம் லைனே கிடையாது" என்று முறைத்தார். முறைத்தவருக்குப் பின்னாலேயே போய் நின்றேன். சட்டைப் பையில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. மேடம்.

டாக்டர் நெற்றி விளக்கோடு என் காதுக்குள் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு. தானாக் கூடலாம், கூடாமலும் போகலாம். எப்படி ஆச்சு?"

பாத்ரூம் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"அடிச்சாங்க," என்றேன்.

அவர் விளக்கை அணைத்தார். "யாரு? எங்க?"

"மேல, பெண்கள் வார்டுல. ஒரு பேஷண்டோட மகன்."

"நான் இதை எழுதினா போலீஸ் வரும். உங்க காலேஜ் வரும். தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

"யோசிச்சிக்கோ. வெளிய அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வேணா வா."

வெளியே போனால் திரும்பி வர மாட்டேன் என்று தெரிந்தது. அக்காவின் மிஷின் சத்தம், தூங்காத அப்பா, மூன்று வருடப் படிப்பு, எல்லாமும் அந்தக் கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தன. ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பவே எழுதிடுங்க," என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து என் பெயரைக் கேட்டார். முணுமுணுப்பாகச் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. அவர் காத்திருந்தார். இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன்.