தொட்டி நின்ற இடம்

மெழுகுவர்த்தியை நடுவதற்காக மணலைத் தோண்டியபோது இனிகோவின் விரலை ஏதோ ஒன்று கீறிற்று. கல் என்று எண்ணி அதனை எடுத்து எறிய முனைந்தார். கையில் வந்தது சங்கு. அதன் அருகே மற்றொரு சங்கு இருந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று. அவை யாவும் வாய்ப்புறம் கீழாகக் கவிழ்க்கப்பட்டு, ஒரே வரிசையாக மணலுக்குள் சென்றன. தம் மனைவி பெர்பெத்தம்மாளின் கல்லறையைச் சுற்றி அவர் ஒருபோதும் சங்கு பதித்ததில்லை.

அன்று கல்லறைத் திருநாள். புன்னைக்காயலின் கல்லறைத் தோட்டத்தில் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சிமெண்டால் கட்டிய கல்லறைகள் உள்ள பகுதியில் மாலைகளும் மெழுகுவர்த்திகளும் நிறைந்திருந்தன. குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக நின்று செபம் சொல்லின. இனிகோ இருந்ததோ கடலை ஒட்டிய மணற்பகுதி. அங்கே மேடுகளும் மரச்சிலுவைகளும் மட்டுமே இருந்தன. சென்ற டிசம்பர் மாதப் புயலில் கடலும் ஆறும் ஒன்றாக ஊருக்குள் புகுந்தபோது சிலுவைகள் மிதந்து போயின. எஞ்சிய மேடுகளையும், சேற்றை அள்ள வந்த பொக்லைன் எந்திரம் சமப்படுத்திவிட்டது. ஊர் மெல்ல எழுந்தது. கூரைகளில் புதிய தகரம் மின்னியது. உடைந்த படகுகள் ஒட்டுப் போடப்பட்டுக் கடலுக்குச் சென்றன. ஆத்தூர்ச் சாலையில் மீண்டும் பேருந்து ஓடியது. மணலுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் முகவரி இல்லாமற் போயிற்று. பங்குச்சாமியார் வாயிலருகே பொதுவாக ஒரு சிலுவையை நட்டு, இடம் தெரியாதவர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று அறிவித்தார்.

இனிகோ அச்சிலுவையின் பக்கம் சென்றதே இல்லை. அவருக்கு இடம் தெரியும். மீன் தங்கும் கடலடிப் பாறைத்திட்டான பாரை நடுக்கடலில் கண்டுபிடிப்பதற்கு, கரையில் உள்ள இரண்டு பொருள்களை ஒன்றின்மேல் ஒன்று நேராக வைத்துப் பார்ப்பது அவரைப் போன்ற மீனவர்களின் வழக்கம். வேறு இரண்டையும் அவ்வாறே நேர்ப்படுத்தினால், இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். மனைவியை அடக்கம் செய்த அன்றே அவர் அப்படிப் பார்த்து வைத்திருந்தார். கோயில் கோபுரமும் கொடிமரமும் ஒரு கோடு. இரட்டைப் பனையும் அதன் பின்னுள்ள குடிநீர்த் தொட்டியும் மற்றொரு கோடு. கல்லறையைக் கட்டிவிடுமாறு மகள் ஜெமிமா பலமுறை மன்றாடினாள். "கடலுக்குள்ள பாரைக் கண்டுபிடிக்கவனுக்கு, கரையில பொண்டாட்டி கெடக்க இடம் தெரியாதாக்கும்?" என்று அவர் அவளிடம் பெருமையாகக் கேட்டிருந்தார்.

புயலுக்குப் பின் அவர் முத்தையாபுரத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். ஆகஸ்ட் மாதம் ஊர் திரும்பியவர், வீட்டைத் திறப்பதற்கு முன்பே இங்கு வந்து, இரு கோடுகளையும் பார்த்து, மணலைக் குவித்துச் சிலுவை நட்டார். அன்று முதல் ஒவ்வொரு மாலையும் இங்கே அமர்ந்து பேசினார். வீட்டில் பேசுவதற்கு ஒருவரும் இல்லை.

சங்கு பதித்த கல்லறை அந்த மணலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சங்கு குளிக்கும் ஜோன்ஸ் இறந்தபோது, அவனோடு கடலில் மூழ்கிச் சங்கெடுத்து வந்த தோழர்கள் ஆளுக்கொரு சங்காகச் சுற்றிலும் பதித்தார்கள். ஜோன்ஸின் மனைவி பிளாரன்ஸ் இப்போது வாயிலருகே பொதுச் சிலுவையின் முன் தனியே நின்றுகொண்டிருந்தாள்.

இனிகோ சங்குகளின்மேல் மணலைத் தள்ளினார். ஒருவரும் பார்க்கவில்லை. மூடிவிட்டால் நாளை மாலையும் இங்கு வந்து அமரலாம். பெர்பெத்து இங்கேதான் இருப்பாள். உள்ளங்கையால் மணலைத் தட்டிச் சமன் செய்தார். காற்றில் பிளாரன்ஸின் மெழுகுவர்த்தி அணைந்தது. அவள் மீண்டும் ஏற்றினாள். அது மீண்டும் அணைந்தது.

"ஏளா பிளாரன்சு," என்று அவர் அழைத்தார். "இங்கன வா."

அவள் வந்தாள். அவர் மணலை விலக்கிக் காட்டினார். அவள் ஒவ்வொரு சங்காகத் தடவிக்கொண்டே சென்று, தலைமாட்டில் இருந்த சங்கைத் தொட்டதும் அமர்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இத்தன நாளு நீங்க செபம் சொன்னது இவருக்கா அண்ணாச்சி? உயிரோட இருக்கையில கோயில் வாசல மிதிக்காத மனுசன்லா."

"செபம் எங்க சொன்னேன்? பேசிக்கிட்டுக் கெடந்தேன்."

"என்னத்தப் பேசுனீய?"

"குழம்புல உப்பு கூடிப் போச்சுன்னு சொல்லுவேன்."

அவள் சிரித்தாள், பின்பு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அப்ப பெர்பெத்து மயினி எங்க?"

அவர் இரட்டைப் பனையை நோக்கினார். தொட்டி அதன் பின்னே மிகச் சரியாக நின்றது. தம் கண் பிழைத்துவிட்டதோ என்று அவர் முணுமுணுத்தார். அவர் பார்ப்பது எதனை என்று பிளாரன்ஸுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தத் தொட்டியா? அது பழைய இடத்துல இல்லியே. அஸ்திவாரம் ஊறிப் போச்சுன்னு இடிச்சுட்டு வடக்க தள்ளிக் கட்டுனாவ. நீங்க அப்ப மக வீட்டுல இருந்தீய."

இடிந்ததை இடிந்த இடத்திலேயே மனிதர் கட்டுவர் என்று அவர் எண்ணியிருந்தார். பனை நடுவே அசையாமல் நிற்க, தொட்டி வடக்கே நகர்ந்ததால், அவர் எதிர்ப்புறம் தெற்கே தள்ளப்பட்டிருந்தார். அப்படியாயின் பெர்பெத்து கோபுரமும் கொடிமரமும் காட்டும் இந்தக் கோட்டில்தான், வடக்கே எங்கோ இருக்கிறாள். எவ்வளவு தொலைவில் என்பதைப் பழைய தொட்டி மட்டுமே சொல்ல முடியும்.

"பழைய தூணோட அடிக்குத்தி உடங்காட்டுக்குள்ள அப்படியே நின்னுச்சு," என்றாள் பிளாரன்ஸ். "அள்ளிட்டாவளா என்னன்னு தெரியல. நான் போயிப் பாக்கேன்; இருந்தா அங்கன நின்னு வெளிச்சம் காட்டுதேன்."

"முள்ளு கெடக்கும், ஏளா."

"கெடக்கட்டும். நீங்க இங்கனயே நில்லுங்க."

அவர் தம் மெழுகுவர்த்தியை அவளிடம் நீட்டினார். அவள் அதனை ஜோன்ஸின் தலைமாட்டில் நட்டு, முந்தானையால் காற்றை மறைத்து ஏற்றினாள்; இம்முறை அது நின்று எரிந்தது. பின்பு கைப்பேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் சுவரைச் சுற்றி நடந்தாள்.

இனிகோ மற்றொரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டார். கோபுரத்தையும் கொடிமரத்தையும் ஒன்றாக வைத்து, அந்தக் கோடு பிசகாமல் வடக்கே நகர்ந்தார். இருள் கூடியது. இரட்டைப் பனைக்கு அப்பால், முட்செடிகளின் நடுவே ஒரு சிறிய வெளிச்சம் தோன்றியது. அது சற்று நின்றது, பிறகு தெற்கே சென்றது, திரும்பிற்று. படகின் பின்னணியத்தில் சுக்கான் பிடித்திருப்பவனுக்குத் திசை காட்டுவதுபோல அவர் கையை உயர்த்தினார். அவளால் அதனைக் காண இயலாது. ஏற்றாத மெழுகுவர்த்தியை மார்போடு பிடித்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தைப் பனைக்கு நேராகக் கொண்டுவர அவர் மணலில் ஓரடி வைத்தார். வெளிச்சமும் நகர்ந்தது.