குளிர் அறைக் கதவு

பன்னிரண்டு வருடம் அந்தச் சமையல் கான்ட்ராக்டரின் வேனை ஓட்டிய பழக்கத்தில்தான் அப்பா மூத்த மகளுக்கு அங்கே வேலை கேட்டார். பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் இருந்தவளைக் கூட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தினார்.

"நம்ம பொண்ணுங்க. சொன்னதைச் செய்வா. எதிர்த்துப் பேச மாட்டா."

முதலாளி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் பொண்ணுன்னா எனக்கும் பொண்ணு மாதிரிதான். நாளைக்கே வரச் சொல்லு."

மறுநாளிலிருந்து அவள் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள், கோழி கழுவினாள், பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும் நானூறு சாப்பாட்டுப் பெட்டிகளை நிரப்பினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனாலும் வேலை பிடித்திருந்தது. எந்தப் பெட்டியையும் ஒருமுறைக்கு இருமுறை திறந்து பார்ப்பாள். "வந்துட்டாங்கப்பா இன்ஸ்பெக்டரம்மா" என்று சமையல்காரர் கிண்டல் செய்வார்.

மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. குளிர் அறையைத் திறந்ததும் குப்பென்று நாற்றம் அடித்தது. ஞாயிறு முழுக்கக் கரண்ட் இல்லை. கோழி கையில் பிசுபிசுத்தது.

"அண்ணே, இது கெட்டுப்போச்சு."

சமையல்காரர் மோந்து பார்த்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். 'சரிங்க, சரிங்க' என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "வினிகர் ஊத்திக் கழுவும்மா. மசாலாவைத் தூக்கலாப் போட்டுக்கலாம்" என்றார்.

கழுவினாள். ஆனால் பெட்டிகள் வேனில் ஏறும்போது மனசு கேட்கவில்லை. அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, கறி கெட்டுப்போனது. கொண்டுபோகாதீங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசு. உனக்காக அவர் முன்னாடி எத்தனை நாள் கையைக் கட்டிட்டு நின்னேன்னு தெரியுமா? என் மானத்தை வாங்காத." வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் எழுபது பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மூன்றாம் நாள், தொழிற்சாலையைக் கூட்டிப் பெருக்கும் ஒரு பெண் இறந்துபோனாள்.

அன்று முதலாளி முதன்முறையாக அவர்கள் வீட்டுக்கு வந்தார். கையில் டைப் அடித்த ஒரு தாள். சனிக்கிழமை குளிர் அறைக் கதவைச் சரியாக மூடாமல் போனது அவள்தான், கறி கெட்டது வேறு யாருக்கும் தெரியாது என்று அதில் இருந்தது.

"புது ஆளு, சின்னப் பொண்ணு. பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வக்கீலை நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா தாளை அவள் முன்னால் வைத்தார்.

"நான்தான் அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனேப்பா."

"சொன்னே." அவர் பேனாவையும் எடுத்துத் தாள்மேல் வைத்தார். "அதனாலதாம்மா கேக்கறேன். நீ நடந்ததைச் சொன்னா, தெரிஞ்சே கொண்டுபோய்க் குடுத்தவன் நான்னு ஆயிடும்."

அதுவரை அவளுக்கு அது உறைக்கவில்லை. அம்மா சமையலறையில் விசும்பிக்கொண்டிருந்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. முதலாளி வேறு பெயரில் சமையல்கூடத்தைத் திறந்தார். வக்கீல் இரண்டு தடவை வந்ததோடு சரி. ஒருநாள் கோர்ட் வராந்தாவில், இறந்துபோன அந்தப் பெண்ணின் மகள் அவளிடம் வந்தாள். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும்.

"நாத்தம் அடிச்சிருக்குமே. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று ஒரு நொடி காத்திருந்தாள்.

"தெரியலைங்க," என்றாள்.

ஆறு மாதத் தண்டனை கிடைத்தது. அப்பா ஒரே ஒருமுறை சிறைக்குப் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், நேரம் முடிவதற்கு முன்பே எழுந்து போனார்.