மேஜருக்குப் பூசிய சுறா எண்ணெய்

சிங்கப்பூர் விழுந்த செய்தி கற்பிட்டிக்கு எட்டிய மாசி மாதத்தில், தென்னந்தோட்டத்துக்கு எசமானியான வெள்ளைக்கார நோனா பங்களாவைப் பூட்டிவிட்டு மலைநாட்டுக்குப் புறப்பட்டாள். சாவியை வேலிக்கு அப்பால் குடியிருந்த அன்ரனிப்பிள்ளையிடம் கொடுக்கும்போது மண்டபத்துச் சுவரைச் சுட்டிக்காட்டினாள். அந்தக் கடற்கரையை வளைத்துத் தோட்டமாக்கிய அவளுடைய பாட்டனாரான மேஜர், சிவப்பு அங்கியும் வாளுமாய் அங்கே ஓவியச் சட்டத்துக்குள் நின்றார். உப்புக்காற்று ஓவியத்தை அரிக்கத் தொடங்கியிருந்தது. தான் திரும்பும்போது அது பழுதின்றி இருந்தால், அவன் குடிசை நிற்கும் நிலத்தை அவன் பெயருக்கே எழுதித் தருவதாக வாக்களித்தாள். கெட்டிருந்தால் குடிசையே அங்கே இராது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

அன்ரனிப்பிள்ளை வள்ளங்களைப் பழுதுபார்ப்பவன். ஓவியத்தின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தான், பாய்மரச் சீலையேதான். உப்பு அரிக்கும் எதற்கும் அவன் அறிந்த மருந்து ஒன்றே. சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயை முன்னும் பின்னும் மூன்று தடவை பூசினான்.

முதல் வாரம் மேஜர் பளபளத்தார். அடுத்த வாரம் அவருக்குப் பின்னால் இருந்த வானம் இருண்டது. பிறகு வாள் மறைந்தது. கன்னங்கள், கடலில் நாட்கணக்காய்க் கிடந்தவனுடையவை போலக் கறுத்து உப்பின. கண்கள் மாத்திரம் வெளுத்தே இருந்தன. அவன் மனைவி மார்த்தா மண்டபத்தைக் கூட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்தாள் எங்கட குடிசையத்தான் பாக்குறார்," என்றாள்.

"முந்தியும் அப்பிடித்தான் பாத்தவர். பேசாம இரு."

பெரிய வெள்ளியன்று தோட்டத்து மேற்பார்வையாளர் அபூசாலி சைக்கிளில் வந்தார். பங்களாவைப் படையினர் எடுக்கப்போவதால், படத்தைக் கொண்டுபோக மறுநாள் நோனா வருகிறாள் என்றார். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"மேஜரைக் கருவாடு போட்டுட்டீங்களே, அன்ரனி."

பங்களாவை அளந்துபோக வந்த படையினர்மேல் பழியைப் போட்டுவிடும்படியும் அவர் யோசனை சொன்னார். அன்ரனிப்பிள்ளை உடன்படவில்லை. பூசியவன் கழுவவும் அறிவான் என்றான்.

மறுநாள் காலை, நோனாவுக்காக வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டு, வள்ளத்தின் பழம்பூச்சை உரிக்கும் சோடாக் கரைசலால் ஓவியத்தைத் துடைத்தான். எண்ணெய் இளகியது. எண்ணெயோடு நிறமும் இளகியதை அவன் காணுமுன்னரே வாசலில் கார் ஒலித்தது. வெயிலில் காயவைக்கும் அவசரத்தில் ஓவியத்தை மார்போடு அணைத்துத் தூக்கி வந்து முற்றத்தில் சாய்த்தான். கழுத்துக்குக் கீழே சீலை வெறுமையாய் இருந்தது. மேலே இரண்டு கண்கள்.

காரிலிருந்து ஒரு காலை ஊன்றிய நோனா படத்தைப் பார்க்கவில்லை. அவன் மார்பைப் பார்த்தாள். மேஜரின் சிவப்பு அங்கி அவன் சட்டையில் ஈரமாய் ஒட்டியிருந்தது. அவள் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்; கண்ணாடியை இறக்கி, பின்னால் சைக்கிளில் வந்திறங்கிய அபூசாலியிடம் ஏதோ சொன்னாள்.

"சாவியத் தாங்க, அன்ரனி," என்றார் அபூசாலி. "வேற ஒண்டும் கதைக்க வேணாம்."

வேலிக்கு அப்பால் மார்த்தா, ஒருவரும் சொல்லாமலே, குடிசைக் கூரையின் கிடுகுகளை ஒவ்வொன்றாய் இறக்கத் தொடங்கியிருந்தாள்.