செசிலியாவுக்கு அடுத்த பெயர்

டென்சியோவுக்குத் தோள்பட்டை இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. பகலெல்லாம் உப்பளத்தில் பலகை இழுக்கிற தோள். விடிந்தும் விடியாமலும் கம்பின் இரு முனையிலும் தகர டின்னைத் தொங்கவிட்டு, பங்குக் கோயில் சாமியார் வீட்டுக்கு நல்ல தண்ணீர் சுமப்பதும் அதே தோள்தான். ஒன்பது வருஷமாகச் சுமக்கிறான். கூலி கிடையாது. கூலிக்குப் பதிலாக ஒரு பெயர்.

பிள்ளைப்பேற்றில் செத்துப்போன அவன் மனைவி அனஸ்தாசியாவை, தினமும் பூசையில் இறந்தவர்களுக்காக மன்றாடும்போது பெயர் சொல்லி நினைக்க வேண்டும். அதுதான் பேச்சு. சாமியார் பாத்ரே சில்வினோ சரியென்றார்.

பூசை இலத்தீனில். அந்தப் பகுதி வந்தால் சாமியார் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். மணியோடு பீடத்துப் படியில் முழங்காலிட்டிருக்கும் டென்சியோவுக்கு மட்டும் கேட்கும். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் ‘செசிலியா, அனஸ்தாசியா’ என்று ஓரிடம் வரும். அது காதில் விழுந்ததும் தோள்வலி மறந்துபோகும். வீட்டில் அவளைத் தாஸ்யா என்றுதான் கூப்பிடுவான். அது என் தாஸ்யாதானே என்று ஒருமுறை கேட்டதற்குச் சாமியார் தலையாட்டினார். செசிலியா வேறு யார் வீட்டுப் பெண்ணோ என்று அவனும் விட்டுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணிலாவிலிருந்து புதுப் பூசைப் புத்தகம் வந்திருந்தது. முதல்முறையாக ஊர்ப் பேச்சான தகாலோக்கில், எல்லாருக்கும் கேட்கும்படி பூசை. இனி தாஸ்யாவின் பெயரை ஊரே கேட்கும் என்று டென்சியோ சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இறந்த உம் ஊழியர்களை நினைத்தருளும் என்ற இடத்தைச் சாமியார் ஒரு பெயரும் சொல்லாமல் தாண்டிப் போனார். கொஞ்சம் கழித்துத்தான் வந்தது: லூசியா, ஆக்னெஸ், செசிலியா, அனஸ்தாசியா, உம் புனிதர் அனைவரோடும்.

வெளியே வந்ததும் உப்பளத்து ஓமெங் பிடித்துக்கொண்டான். “அண்ணே, தாஸ்யா அக்காவ புனிதையாக்கிட்டாங்களாமே. உங்கள ஒலக்கையால துரத்துனது எந்தக் கணக்குல சேரும்?”

எல்லாரும் சிரித்தார்கள். டென்சியோ திரும்பிக் கோயிலுக்குள் போனான்.

பீடத்தில் புத்தகம் விரித்தபடி கிடந்தது. விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். அனஸ்தாசியா அச்சிலேயே இருந்தாள். எந்த ஊர்க் கோயிலில் விரித்தாலும் இருப்பாள். அதற்கு முந்தின பத்தியில், இறந்தவர்களுக்கான இடத்தில், சிவப்பு மையில் ‘பெயர் சொல்லவும்’ என்று போட்டிருந்தது.

பக்கத்திலேயே சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சாமி, இந்த அனஸ்தாசியா யாரு?”

“அந்தக் காலத்து வேதசாட்சி. வேதத்துக்காக உசுர விட்ட ரோமாபுரிக்காரங்க.”

“செவப்பு எழுத்து இருக்கிற எடத்துல என் பொண்டாட்டி பேர ஒரு நாளாவது சொன்னீங்களா?”

எல்லாரையும் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன் என்றார்.

“நான் கேட்டப்போ தலையாட்டினீங்களே.”

“ஒம் மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம், டென்சியோ. அத ஏன் கெடுக்கணும்னு...”

“சந்தோஷத்துக்கா தண்ணி சுமந்தேன்?”

சாமியார் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் காலை டென்சியோ வந்தான். டின் இரண்டும் காலி. அவற்றைச் சாமியார் வீட்டு வாசலில் கவிழ்த்து, கம்பை மேலே வைத்தான். காபிக் கோப்பையோடு வெளியே வந்தவரை நேராகப் பார்த்தான்.

“தண்ணி பூராவும் நீங்க குடிச்சாச்சு, சாமி. பேருதான் பாக்கி. அனஸ்தாசியா மங்கஹாஸ், உப்பளத்து டென்சியோ பொண்டாட்டி. தெனம் ஒரு தடவ வீதம் ஒம்பது வருஷம்.”