நீட்டிய கை

"காரை எடுங்கப்பா! சொர்க்க ரதம் சந்து முக்குலயே நிக்குது!"

வாசலில் யாரோ கத்தியபோது விஜய்ஆனந்த் அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு கொஞ்சம் கோணலாக இருந்தது. அதைச் சரிசெய்யலாமா என்று யோசித்தான். அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது. விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அப்பாவின் பழைய டீசல் கார் சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. விடிகாலையில் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் ஆக்கப் பார்த்தபோது, சாக்கடைக்குத் தோண்டி மூடிய மண்ணில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. இனி தள்ளினால் நகராது. இஞ்சின் ஓடினால்தான் உண்டு.

அன்று வைகுண்ட ஏகாதசி. பெருமாள் கோவிலில் சொர்க்கவாசல் திறப்பதைப் பார்க்க நாலரை மணிக்கெல்லாம் குளித்துக் கிளம்பிய அப்பா சௌந்தரராஜன், சட்டைப் பொத்தானைப் போடும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி ஐந்தே நிமிடம். விஜய் அவரை முன்சீட்டில் ஏற்றினான், அம்மா லலிதாம்பாள் பின்னால் ஏறினாள். கோச்சடைப் பக்கம் ஆற்றுப் பனி வேறு. சாவியைத் திருகத் திருக இஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. விட்டு விட்டு அடி, பாட்டரியைத் தீர்த்துவிடாதே என்று சொன்னார் அப்பா. அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. வலது கையை மெல்லத் தூக்கி, முன்கண்ணாடிக்கு நேராக நீட்டினார். கை விழுந்தது. மறுபடியும் தூக்கி நீட்டினார்.

"பெருமாளே!" என்று பின்சீட்டில் அம்மா கை கூப்பினாள். கோவில் அந்தத் திசையில்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது ஐந்தேகால். எல்லாம் முடிந்திருந்தது.

பக்கத்து வீட்டு முத்துத்தாய் காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "குடுத்து வச்ச மகராசன்! சொர்க்கவாசல் தொறக்குற நேரத்துக்கு, பெருமாளக் கண்ணால பாத்து, கைய நீட்டிக்கிட்டே போயிருக்காரு. எம்புட்டுப் புண்ணியம் பண்ணியிருக்கணும்!" அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் அழுகை கொஞ்சம் அடங்கியது.

விஜய் சாவியோடு வெளியே வந்தான். மாலையோடு வந்திருந்த ஜெயபாண்டி அதை நாற்காலியில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். ஆரப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவன். இந்த வண்டியைப் பன்னிரண்டு வருடமாக அவன்தான் பார்க்கிறான். பானெட்டைத் தூக்கி, காற்று வடிகட்டுகிற பெட்டியின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, உள்ளிருந்த மடிப்புக் காகித ஃபில்டரை எடுத்தான். சாய்த்ததும் தண்ணீர் வழிந்தது.

"தம்பி, இம்புட்டுத் தண்ணி எப்புடி வந்துச்சு? உள்ள யாரு பைப்ப வச்சது?"

"நேத்து சாயங்காலம். நான்தாண்ணே."

நாளும் கிழமையுமா வண்டி பளபளவென்று இருக்கட்டுமே என்று பானெட்டைத் திறந்துபோட்டுப் பீய்ச்சியிருந்தான். மார்கழியில் உள்ளே தண்ணீர் அடிக்காதே என்று அப்பா வருடாவருடம் சொல்வதுதான். நல்ல நாளுக்கு வண்டி கழுவியது ஒரு குற்றமா?

"டீசல் வண்டிக்குச் சூடான காத்து வேணும் தம்பி. பனி ஒரு பக்கம், இது ஒரு பக்கம் ஈரச்சாக்கு மாதிரி அடைச்சுக்கிருச்சு. மூச்சு எங்கிட்டு வாங்கும்? நாலு கிளிப்பு. கழட்டி எறிஞ்சுட்டு அடிச்சிருந்தா எடுத்திருக்கும். ஒங்க அப்பாவுக்குத் தெரியுமே! போன மார்கழில வாடிப்பட்டி ரோட்டுல நின்னப்ப நான் போன்ல சொல்லச் சொல்ல அவருதான கழட்டுனாரு..."

ஜெயபாண்டி சட்டென்று நிறுத்திக்கொண்டான். விஜயின் முகத்தைப் பார்க்காமல், "சாவியப் போடுங்க," என்றான்.

விஜய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு நேர் எதிரே பானெட் திறந்து நின்றது. கோவில் தெரியவில்லை, சந்து தெரியவில்லை, பானெட்தான் தெரிந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்தான். அங்கிருந்து கையை நீட்டினாலும் அதுதான். அய்யோ அப்பா!

சாவியைத் திருகினான். முதல் திருகிலேயே பிடித்தது. வீட்டுக்குள் அழுகைச் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

பானெட்டைத் தன் கையால் இறக்கி மூடிவிட்டு, காரை மண்ணிலிருந்து ஏற்றி, முக்கில் விட்டுவிட்டுத் திரும்பினான். கோயம்புத்தூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய தங்கை வித்யாஸ்ரீ அப்பாவின் தலைமாட்டில் கிடந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா," என்றாள் முத்துத்தாய்.

அம்மா நிமிர்ந்தாள். பெருமாளைப் பார்த்து எப்படிக் கையை நீட்டினார் என்று தங்கைக்குக் காட்டச் சொன்னாள். நீதானே பக்கத்தில் இருந்தாய் என்றாள்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஜெயபாண்டி வாசலில் ஃபில்டரை வெயிலில் வைத்துக்கொண்டிருந்தவன், திரும்பாமல் அப்படியே நின்றான்.

விஜய்ஆனந்த் வலது கையை நீட்டினான். விரல்களில் கிரீஸ் இருந்தது. கை மார்புக்கு நேராக, அப்பா நீட்டிய உயரத்திலேயே நின்றது.

பிறகு அதை இன்னும் கொஞ்சம் மேலே, கோவிலை நோக்கி உயர்த்தினான்.